அக்காளின் அஞ்சல் பை: ஆயா வேலைக்கா பட்டம்?



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்தேன். பள்ளி நோட்டுத் தாளில் முதலில் பென்சிலால் எழுதி, பிறகு அதன் மேலேயே பேனாவால் எழுதிய கடிதம் அது. பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரையும் தோட்டத்தையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், விஷயத்தை மட்டும் தருகிறேன்.

"அக்காள் அவர்களுக்கு வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் தோட்ட வேலை செய்கிறோம். அவர் குலை வெட்டுகிறார். நான் உதிரிப் பழம் பொறுக்குகிறேன். மூத்த மகளுக்கு எஸ்.பி.எம். முடிவு வந்துவிட்டது. மூன்று 'ஏ', மற்றப் பாடங்களிலும் நல்ல தேர்ச்சி. கணக்கியலும் வணிகமும் எடுத்துப் படித்தவள். இப்போது, 'பிள்ளைகளோடு செய்கிற வேலைக்குத்தான் படிப்பேன்' என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். காரணம் அவளுடைய தம்பி. அவனுக்கு எட்டு வயது, இரண்டாம் ஆண்டில் படிக்கிறான். அவன் பேசுவது எங்களுக்கே பாதிதான் புரியும். அக்காளுக்கு மட்டும் முழுதும் புரியும். படம் வரைந்து வரைந்து அவனுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள் அவள்தான். இவள் அப்பாவோ, 'டீச்சர் வேலைக்குப் படி, இல்லாவிட்டால் கணக்குப் படி. ஆயா வேலைக்கா பட்டம்?' என்கிறார். போன வாரம் பட்டணத்திலிருந்து ஒரு காலேஜ் ஆள் வீடு தேடி வந்தார். 'சைல்ட் சைக்காலஜி' என்று ஒரு டிப்ளோமா இருக்கிறதாம். முடித்தால் கவர்மெண்டு வேலை நிச்சயமாம். மாதக் கடைசிக்குள் 500 வெள்ளி கட்டி இடம் பிடிக்க வேண்டுமாம். நான் ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவள். எந்தப் படிப்பு எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. என் மகள் என்ன படிக்க வேண்டும்? 500 வெள்ளியைக் கட்டலாமா?"

மாதக் கடைசி என்று கெடு இருந்ததால், "பணத்தைக் கட்ட வேண்டாம், பொறுங்கள்" என்று இந்தத் தாய்க்கு அன்றே தனிக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். ஆனாலும் எஸ்.பி.எம். முடிவு வந்த வீடுகளில் இதே கேள்வி ஆண்டுதோறும் எழுவதால், விளக்கமான பதிலை எல்லாருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு முதலில் ஒரு சொல்

சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. 'ஆயா வேலை' என்றதும் அவர் மனக்கண்ணில் வருவது எதுவென்று எனக்குத் தெரியும். நானும் ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவள்தான்.

நான் பிறந்தது ரப்பர் தோட்டத்தில். இருட்டு விலகுமுன்பே பெரட்டுக்குப் போகவேண்டிய அம்மா, என்னையும் தம்பியையும் தூக்கத்தோடு தூக்கமாகக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடுவார். உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். தரையில் பாய்கள். ஏறக்குறைய முப்பது பிள்ளைகளுக்கு ஒரே ஓர் ஆயா. மரம் வெட்டத் தெம்பு போன பிறகு அந்த வேலைக்கு வைக்கப்பட்ட பாட்டி. எந்தத் தொட்டிலில் எந்தப் பிள்ளை அழுகிறது என்று முகம் பாராமலே சொல்லிவிடுவார். அன்புக்குக் குறைவே இல்லை.

எங்களோடு ஒரு பையன் இருந்தான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். பேச்சும் வரவில்லை. 'இது மந்தம்' என்று ஆயா அவனை ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார். திட்டமாட்டார், அடிக்கமாட்டார், கஞ்சியை முதலில் அவனுக்குத்தான் ஊட்டுவார். ஆனாலும் மூலைதான். அவன் பள்ளிக்கூடம் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. பத்து வயதுக்கு மேல்தான், ஆஸ்பத்திரியில் வேறு எதற்கோ பார்த்தபோது, அவனுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. அதற்குள் அவனுடைய பேச்சுப் பருவமே போய்விட்டது.

ஆயாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? 'ஆயா வேலைக்கா பட்டம்?' என்று உங்கள் வீட்டுக்காரர் மறுபடி கேட்டால் இந்தப் பையன் கதையைச் சொல்லுங்கள். பிள்ளையிடம் அன்பு வைக்கப் பட்டம் தேவையில்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன குறை, அதற்கு என்ன செய்யவேண்டும் என்று காலத்தோடு கண்டுபிடிக்கப் படிப்புத் தேவை. உங்கள் மகளிடம் முதலாவது இருக்கிறது. இரண்டாவதைத் தேடித்தான் அவள் புறப்படுகிறாள்.

அரசாங்கச் சட்டமும் இதை ஒப்புக்கொண்டுவிட்டது. 1984-ஆம் ஆண்டிலேயே குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டம் வந்தது. நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் 'தஸ்கா' நிலையங்கள் சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைகள் என்றால் மூன்று பேருக்கு ஒரு பராமரிப்பாளர். ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர். மூன்று முதல் நான்கு வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பாட்டி என்ற காலம் சட்டப்படி முடிந்துவிட்டது.

எந்தப் பிள்ளையோடு?

இனி மகளுக்கு. 'பிள்ளைகளோடு செய்கிற வேலை' என்று அவள் சொல்வது ஒரே வேலையின் பெயரல்ல. 'தோட்டத்து வேலை' என்று சொல்கிறோம். மரம் வெட்டுகிறவரும் தோட்டத்தில்தான், கிராணியும் தோட்டத்தில்தான், டிரெசரும் தோட்டத்தில்தான். மூவருக்கும் படிப்பு ஒன்றா? அதைப் போலத்தான் இதுவும். ஆகவே பட்டத்தின் பெயரைத் தேடுமுன் அவள் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது: எந்த வயதுப் பிள்ளை? அந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்ய விரும்புகிறேன்? இதற்கு விடை கிடைத்தால் படிப்பின் பெயர் தானாக வந்து நிற்கும்.

ஒவ்வொரு வாசலாகச் சொல்கிறேன்.

பள்ளிக்குப் போகுமுன் உள்ள பிள்ளைகள்: தஸ்காவும் பாலர் பள்ளியும் இதில் சேரும். படிப்பின் பெயர் ஆரம்பக் குழந்தைப் பருவக் கல்வி. டிப்ளோமாவும் உண்டு, பட்டமும் உண்டு. பாலர் பள்ளி ஆசிரியர்களுக்குக் குறைந்தது டிப்ளோமாவாவது இருக்கவேண்டும் என்பதே கல்வி அமைச்சு 2013-இல் வெளியிட்ட கல்விப் பெருந்திட்டத்தின் நோக்கம். ஆகவே வெறும் அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு இனிமேல் இந்தத் துறையில் மேலே போக முடியாது. ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். தனியார் பாலர் பள்ளிகளில் பல இடங்களில் சம்பளம் பெரிதல்ல. அரசாங்கப் பாலர் வகுப்பில் வேலை கிடைத்தால் நிலைமை வேறு.

ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள்: உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் 'டீச்சர் வேலை' இதுதான். முன்பு நாம் 'மக்தாப்' என்று சொன்ன பயிற்சிக் கல்லூரிகள் இப்போது ஆசிரியர் கல்விக் கழகங்களாகிவிட்டன. நாடு முழுவதும் 27 வளாகங்கள். எஸ்.பி.எம். முடித்தவர்களை எடுத்து, முதலில் ஆயத்த வகுப்பு, பிறகு நான்காண்டுப் பட்டப்படிப்பு என்று பயிற்சி தருகிறார்கள். தமிழ்மொழி, பாலர் கல்வி, சிறப்புக் கல்வி என்று பல பிரிவுகள் உண்டு. இன்னொரு வழி தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997-இல் பல்கலைக்கழகமான இடம் அது. தமிழ்மொழிக் கல்வி, ஆரம்பக் குழந்தைப் பருவக் கல்வி, சிறப்புக் கல்வி, வழிகாட்டலும் ஆலோசனையும் என எல்லாவற்றுக்கும் அங்கே பட்டப்படிப்பு இருக்கிறது.

கற்பதில் சிரமப்படும் பிள்ளைகள்: இதற்குச் சிறப்புக் கல்வி என்று பெயர். காது கேளாத, கண் தெரியாத, பாடம் ஏறாத, ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் கலை. சாதாரணப் பள்ளிகளிலேயே சிறப்புக் கல்வி வகுப்புகள் நடக்கின்றன. சில தமிழ்ப்பள்ளிகளிலும் உண்டு. இதற்குப் படித்தவரும் ஆசிரியர்தான். அப்பாவின் ஆசையும் மகளின் ஆசையும் ஒன்றாகச் சேரும் இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பேச்சும் கேள்வியும் கை வேலையும்: பேச்சு வராத பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி தருபவர், காதைச் சோதிப்பவர், பென்சில் பிடிக்கவும் சட்டைப் பொத்தான் போடவும் பழக்குபவர் எல்லாரும் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர்கள். தேசியப் பல்கலைக்கழகத்தில் 1990-களிலேயே பேச்சு அறிவியலுக்குப் பட்டப்படிப்புத் தொடங்கிவிட்டார்கள். 2016-இல் வந்த மருத்துவத் துணைத் தொழில்களுக்கான சட்டத்தின் கீழ் இவர்கள் அடங்குகிறார்கள். எனவே உரிய தகுதி இல்லாமல் இந்தப் பெயரை எவரும் போட்டுக்கொள்ள முடியாது. இந்தப் படிப்புகளுக்கு அறிவியல் பாடங்கள் கேட்பார்கள்.

மனக்கஷ்டப்படும் பிள்ளைகள்: இங்கே இரண்டு படிப்புகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஆலோசகர் வேறு, உளவியலாளர் வேறு. ஆலோசகர் என்று சொல்லித் தொழில் செய்யவேண்டுமானால் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி வாரியத்தில் பதிய வேண்டும். அதற்கு ஆலோசனைத் துறையிலேயே பட்டம் வேண்டும். சைக்காலஜி என்கிற உளவியல் பட்டம் நல்ல படிப்புத்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் மனநோயைச் சோதிக்கும் உளவியலாளராக, அந்த முதல் பட்டம் போதாது. அதற்கு மேலே முதுகலைப் பட்டமும் படிக்கவேண்டும்.

ஆதரவற்ற, கொடுமைக்கு ஆளான பிள்ளைகள்: இது சமூகப் பணி. 1975-லேயே பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் இதற்குப் படிப்புத் தொடங்கியது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாரும் பிள்ளைகளே என்கிறது 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம். அடிபட்ட பிள்ளையை அந்த வீட்டிலிருந்து மீட்டுக் காப்பகத்தில் சேர்ப்பது வரை இந்தத் துறையின் பொறுப்பு. மனத்திடம் வேண்டும்.

உங்கள் மகளுக்கு எந்த வாசல் திறந்திருக்கிறது?

இதுவரை சொன்னது எல்லாருக்கும். இனி உங்கள் மகள் கையில் இருக்கும் முடிவை வைத்துப் பேசுவோம். வருத்தமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தம்பியை நினைத்துத்தான் அவள் இந்தப் பாதைக்கு வருகிறாள். பேச்சுப் பயிற்சிப் படிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டால் உடனே 'இதுதான்!' என்பாள். ஆனால் அவள் எஸ்.பி.எம்.மில் எடுத்தது கணக்கியலும் வணிகமும். உயிரியலும் வேதியியலும் இல்லாமல் அந்த வாசலுக்குள் போவது மிகக் கடினம். இதை இன்றைக்கே தெரிந்துகொள்வது, மூன்று வருடம் கழித்துத் தெரிந்துகொள்வதைவிட மேல்.

இந்த இடத்தில் மற்றப் பெற்றோருக்கு ஒன்று. நான்காம் படிவத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வாசல்கள் திறக்கின்றன, பாதி மூடிக்கொள்கின்றன. 'என்ன பாடம் எடுக்கப் போகிறாய், அது எங்கே கொண்டு போகும்?' என்று அன்றைக்கே பிள்ளையைக் கேளுங்கள். பள்ளியில் உள்ள ஆலோசக ஆசிரியரையும் போய்ப் பாருங்கள். காசு கேட்கமாட்டார்.

அடுத்தது ஆசிரியர் கல்விக் கழகம். எஸ்.பி.எம்.மில் குறைந்தது ஐந்து பாடங்களில் 'ஏ' நிலை கேட்பது அங்கே வழக்கம். உங்கள் மகளிடம் மூன்று இருக்கிறது. விண்ணப்பம் திறக்கும்போது அந்த ஆண்டின் நிபந்தனையைப் படித்துப் பாருங்கள். அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மூன்றாவது வழி ஆறாம் படிவம். நம் பிள்ளைகள் பலர் இதை ஏனோ இளக்காரமாக நினைக்கிறார்கள். ஏறத்தாழ ஒன்றரை வருடம், மூன்று தவணை, அரசாங்கப் பள்ளியிலேயே படிப்பு. பஸ் செலவு, புத்தகச் செலவு போன்றவையோடு முடிந்துவிடும். தமிழ்மொழியையும் ஒரு பாடமாக எடுக்கலாம். எஸ்.டி.பி.எம்.மில் நல்ல புள்ளி, 'மூயெட்' என்கிற ஆங்கிலச் சோதனையில் தேர்ச்சி, இவை இரண்டும் இருந்தால் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கோ, ஆரம்பக் குழந்தைப் பருவக் கல்விக்கோ, ஆலோசனைத் துறைக்கோ விண்ணப்பிக்கலாம். நேர்முகத் தேர்வும் இருக்கும்.

என் யோசனை இதுதான்: உங்கள் மகள் ஆறாம் படிவம் போகட்டும். சிறப்புக் கல்விப் பட்டத்தை முதல் குறியாக வைக்கட்டும். ஆரம்பக் குழந்தைப் பருவக் கல்வி இரண்டாவது குறி. ஆங்கிலத்தை இன்று முதலே கெட்டியாகப் பிடிக்கட்டும். தோட்டத்துப் பிள்ளைகள் தடுக்கி விழும் கல் பெரும்பாலும் அதுதான்.

அந்த 500 வெள்ளி

என் அண்ணன் மகள் கதையைச் சொல்கிறேன். அவளும் இப்படித்தான், பிள்ளைகள் என்றால் உயிர். ஒரு தனியார் கல்லூரியின் ஆள் வீட்டுக்கு வந்து, 'சைக்காலஜி படித்தால் குழந்தை மனநல நிபுணராகலாம்' என்றார். அண்ணன் நம்பினார். அவள் படித்தாள், நன்றாகவே படித்தாள். பட்டம் உண்மையான பட்டம்தான், அதில் மோசடி இல்லை. முடித்து வேலை தேடிப் போனபோதுதான், மேலே முதுகலை படித்தால்தான் அந்த வேலை என்று தெரிந்தது. அதற்குள் படிப்புக் கடன் தவணை கேட்டுக் கடிதம் வரத் தொடங்கிவிட்டது. இப்போது ஓர் அலுவலகத்தில் ஆள் சேர்க்கும் பிரிவில் இருக்கிறாள். சோற்றுக்குக் குறையில்லை. ஆனால் தெருவில் சின்னப் பிள்ளைகளைக் கண்டால் அவள் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த ஆளிடம் கேட்க வேண்டிய கேள்வி எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டோம்.

ஆகவே யார் வந்து எந்தப் படிப்பைச் சொன்னாலும் இந்த மூன்றைக் கேளுங்கள்.

ஒன்று: இந்தப் படிப்பு மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா? கல்லூரி பதிந்திருக்கிறது என்று சொன்னால் போதாது. அந்தக் குறிப்பிட்ட படிப்பு பதிவில் இருக்கவேண்டும். இதைக் கைப்பேசியிலேயே எவரும் தேடிப் பார்க்கலாம். முடியாவிட்டால் பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டு: இதை முடித்த மறுநாள் என் பிள்ளை எந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம்? 'நிறைய வேலை இருக்கிறது' என்பது பதிலாகாது. வேலையின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அந்த வேலைக்குச் சட்டம் வேறு பதிவோ மேற்படிப்போ கேட்கிறதா என்பதையும் கேளுங்கள்.

மூன்று: தொடக்கம் முதல் முடிவு வரை மொத்தச் செலவு எவ்வளவு? பதிவுக் கட்டணம் 500 வெள்ளிதான். அதற்குப் பின்னால் வருவது பல்லாயிரம் வெள்ளி. பி.டி.பி.டி.என். கிடைக்கும் என்பார்கள். 1997 முதல் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைத்த உதவி அது, குறை சொல்லமாட்டேன். ஆனால் அது கடன், இனாமல்ல. திருப்பிக் கட்டப் போகிறவள் உங்கள் மகள்.

'கவர்மெண்டு வேலை நிச்சயம்' என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆசிரியர் பட்டம் பெற்றவர்கள்கூடக் காலியிடம் இருந்து, கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத்தில் தேறினால்தான் பதவி. அதுவும் சபாவோ சரவாக்கோ, போடுகிற இடத்துக்குப் போக வேண்டியிருக்கும். அரசாங்கமே தராத உறுதியை ஒரு கல்லூரி ஆள் எப்படித் தருவார்?

மகள் தன்னைத் தானே சோதிக்கட்டும்

இன்னும் ஒரு காரியம் பாக்கி. தம்பியைக் கவனிப்பது வேறு, இருபது வீட்டுப் பிள்ளைகளை நாள் முழுதும் கவனிப்பது வேறு. நம் பிள்ளை துப்பினால் துடைத்துவிடுவோம். ஊரார் பிள்ளை முகத்தில் துப்பும்போதும் சிரித்துக்கொண்டே துடைக்க முடியுமா?

ஆறாம் படிவம் தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்கும் அல்லவா? அருகிலுள்ள பாலர் பள்ளியிலோ, சமூக நல இலாகாவின் ஆதரவில் நடக்கும் 'பி.டி.கே.' என்ற சமூக மறுவாழ்வு மையத்திலோ, 'சம்பளம் வேண்டாம், கூட இருந்து உதவுகிறேன்' என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 1984-இல் திரெங்கானுவில் தொடங்கிய இந்த மையங்கள் இப்போது எல்லா மாநிலங்களிலும் இருக்கின்றன. இரண்டு வாரம் போதும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, 'அம்மா, இன்றைக்கு அந்தப் பிள்ளை என்ன செய்தான் தெரியுமா?' என்று அவள் பேசிக்கொண்டே இருந்தால் தயங்காமல் படிக்க வையுங்கள். தலைவலி என்று படுத்துவிட்டால் அவமானம் ஒன்றுமில்லை. இரண்டு வாரத்தில் தெரிந்துவிட்டது என்று நன்றி சொல்லுங்கள். கணக்கியலும் நல்ல படிப்புத்தான்.

கடைசியாக, தம்பியைப் பற்றி

சகோதரி, நீங்கள் என்னிடம் மகளைப் பற்றித்தான் கேட்டீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து என் நினைப்பெல்லாம் அந்த எட்டு வயதுப் பிள்ளை மேல்தான்.

உங்கள் மகள் ஆறாம் படிவம் முடித்து, நான்கு வருடம் பட்டம் படித்து வெளியே வரும்போது அவனுக்குப் பதினான்கு வயது ஆகிவிடும். அதுவரை அவன் காத்திருக்கக் கூடாது. எங்கள் கொட்டகையில் மூலையில் உட்கார்ந்திருந்த பையனுக்கும் நாள் போய்க்கொண்டேதான் இருந்தது.

நாளைக்கே ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, அவனை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான். பிறந்த சர்டிபிகேட்டையும், குழந்தையாக இருந்தபோது கிளினிக்கில் கொடுத்த ரெக்கார்டு புத்தகத்தையும், பள்ளி நோட்டு ஒன்றையும் எடுத்துப் போங்கள். 'பேச்சுத் தெளிவாக இல்லை, முதலில் காதைச் சோதிக்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தாருங்கள்' என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அது உங்கள் உரிமை. மகளையும் கூட்டிப் போங்கள். அவன் எந்த எழுத்தைச் சொல்லமாட்டான், எந்தச் சொல்லுக்கு எந்தச் சத்தம் போடுவான் என்று டாக்டரிடம் சொல்லக்கூடியவள் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்கச் சில மாதம் ஆகலாம். அதற்காக விட்டுவிடாதீர்கள். தலைமையாசிரியரையும் போய்ப் பாருங்கள். டாக்டர் உறுதி செய்து எழுதிக் கொடுத்தால் சிறப்புக் கல்வி வகுப்பைப் பற்றியும், சமூக நல இலாகாவின் ஓ.கே.யூ. அட்டையைப் பற்றியும் யோசிக்கலாம். அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். 'மந்தம்' என்று ஊர் குத்துகிற முத்திரையைவிட அது எத்தனையோ மேல். ஒருவேளை ஒன்றுமே பெரிதாக இருக்காது, காதில் சிறு கோளாறு, சில மாதப் பயிற்சியோடு சரியாகிவிடும் என்றும் சொல்லலாம். பார்த்தால்தானே தெரியும்?

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மையார் வேலை செய்வதை உங்கள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். எந்தப் பிள்ளையோடு, என்ன வேலை என்ற கேள்விக்கு அங்கேயே அவளுக்கு விடை கிடைத்தாலும் கிடைக்கும். உங்கள் வீட்டுக்காரரும் ஒரு நாள் கூட வந்தால் இன்னும் நல்லது. அந்த 500 வெள்ளியைப் பத்திரமாகச் சேமித்து வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பஸ் செலவுக்கு ஆகும்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன். வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படிப் பேச்சுத் தாமதமாகும் பிள்ளை இருந்தால், இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் கிளினிக்குக்குப் புறப்படுங்கள். மற்றதை அடுத்த இதழில் பேசிக்கொள்ளலாம்.

வணக்கம்.

உங்கள் அன்பு அக்காள்